பழைய வண்டித்தடத்தில் அம்மாவின் கல்

என் வயதொத்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும், அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நாம் சின்னவர்களாக இருந்தபோது ரோடு என்றால் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கணுக்கால் புதைகிற புழுதி, இரண்டு சக்கரத் தடம், நடுவில் மாட்டுக் குளம்பு மிதித்த மேடு, இரண்டு பக்கமும் கிளுவை வேலி. கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் காட்டை ஒட்டிப் போன தடமும் அப்படித்தான். கோயமுத்தூருக்குப் பஞ்சு ஏற்றிப் போகிற வண்டியும், ஈரோட்டு மஞ்சள் மண்டியிலிருந்து திரும்புகிற வண்டியும் எங்கள் புளியமரத்து வளைவில் திரும்பித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தடம் வளைந்து வளைந்து போகிறது, மோட்டாருக்கு உதவாது என்று சொல்லி, முப்பதுகளில் அரை மைல் தள்ளி நேராக ஒரு கப்பி ரோடு போட்டார்கள். பழைய தடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? அந்தப் புது ரோடும் பழசாகி, நெரிசலாகி, உதவாமல் போய்விட்டதாம். நாலு வழி பைபாஸ் ஒன்று வருகிறது. அது எந்த வழியாக வருகிறது என்றால், அறுபது வருஷத்துக்கு முன்னால் வேண்டாம் என்று விட்ட அதே தடத்தின் மேலேதான். ரோடு போடுகிறவர்களுக்குப் புத்தி வருவதற்குள் நமக்கு முட்டி தேய்ந்துவிடுகிறது.

போன வாரம் நெடுஞ்சாலைக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வளைவில் நிற்கிற சுமைதாங்கிக் கல்லைக் காட்டி, "இதை நகர்த்தோணுமுங்க. யாரு நெனப்புக்கு வெச்ச கல்லு, எப்படி இறந்தாங்கன்னு எழுதிக்கணும்" என்றார்.

"நாளைக்கு வாங்க, சொல்றேன்" என்றேன். எட்டு வயதிலிருந்து வாயில் அடக்கி வைத்திருப்பதை ஒருவர் பேனாவைத் திறந்ததும் சொல்லிவிட முடியவில்லை. அதனால் அன்று ராத்திரியே முதலில் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அது என் அம்மாவின் கல். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் சுமை இறங்காமலே போய்விடுகிறது என்பார்கள். அதற்காக வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைப்பார்கள். ஆள் தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். ஒவ்வொருவர் சுமை இறங்கும்போதும் அவளுடைய சுமையும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை.

எங்கள் வீட்டில் அப்பாவை அய்யன் என்போம். அய்யனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். கிணற்றில் கவலை இறைக்கிற மாடு ஒன்று நின்றுவிட்டதென்று தடியால் அடித்ததில் அதற்கு ஒரு கண் போயிற்று. பண்ணையாளின் முதுகில் சாட்டைத் தடம் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. ஊரார் அவரைப் பற்றி, "கோபக்காரர், ஆனா நல்ல பாட்டாளி" என்பார்கள். அந்த 'ஆனா' எத்தனை வீட்டுச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். அன்றைக்குக் காலையில் அம்மாவின் அண்ணன், என் மாமன், அந்தத் தடத்தில் வண்டியோடு போனார். அம்மா வேலியோரம் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் காட்டுக்குச் சோறு போக நேரமாகிவிட்டது. விடியலிலிருந்து கவலை இறைத்த பசியோடு அய்யன் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் முருங்கை மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஒரே ஒரு உதைதான். அம்மா ஆட்டுக்கல்லின் மேல் வயிறு பட விழுந்தாள். மோர்ச்சட்டி கவிழ்ந்து வாசலெல்லாம் ஓடியது. அம்மா கத்தவில்லை. அவரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அய்யன் மிச்சமிருந்த சோற்றை நின்றபடியே தின்றுவிட்டுக் காட்டுக்குப் போனார். மருத்துவச்சியை மறுநாள்தான் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் ரத்தம் போய் அம்மா செத்துப்போனாள்.

மாமன் வீட்டார் வருவதற்கு முன்னால் அய்யன் என்னைக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய், மாட்டுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, யாரு கேட்டாலும் கெணத்துமேட்டுல வழுக்கி உழுந்துட்டாங்கன்னு சொல்லோணும். சொல்லுவியா?"

அவர் அதுவரை என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. "சொல்றனுங்க" என்றேன். சொன்னேன். மாமன் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் முகத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "செரி சாமி" என்று மட்டும் சொன்னார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அய்யன் கல் நட்டார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பெரிய பலகைக் கல் கிடையாது. எட்டு மாடு கட்டி இழுத்து வந்தார்கள். பொண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஊர் உருகியது.

நான் அந்தக் கல்லே கதி என்று கிடந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு புளிய நிழலில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களை எல்லாம் கூப்பிடுவேன். "ஏனுங்க, எங்கம்மா கல்லுங்க. எறக்கி வெச்சுட்டுப் போங்க." விறகுக்காரிகள், பருத்தி மூட்டைக்காரர்கள், பானைக்காரி, வெற்றிலைக் கூடைக்காரர். இறக்கியதும் அவர்கள் கழுத்து நரம்பு அடங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். "ரொம்பப் பாரமுங்களா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால் எனக்குச் சந்தோஷம். பாரம் கூடக்கூட அம்மாவுக்கு வலி குறையும் என்பது என் கணிப்பு. அம்மாவின் பச்சைச் சேலையில் கிழித்த ஒரு சும்மாடு என்னிடம் இருந்தது. சும்மாடு இல்லாமல் வருகிறவர்களுக்கு அதைக் கொடுத்து, அடுத்த வளைவுவரை கூடவே போய் வாங்கி வருவேன். நான் சொன்ன பொய்யை அப்படி ஏதோ ஒரு வகையில் அடைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அப்படி எல்லாம் யோசிக்கத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் சிவப்புக் கொடியும் சங்கிலியுமாக ஆட்கள் வந்தார்கள். தெற்கே அரை மைலில் நூல் பிடித்த மாதிரிக் கோடு போட்டார்கள். கல் உடைக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. பிறகு ரோடு எஞ்சின் வந்தது. கரிப்புகை விட்டுக்கொண்டு அது கப்பிக்கல்லை நசுக்குவதைப் பார்க்க ஊரே திரண்டு போனது. ரோட்டு வேலைக்கு மேஸ்திரி யார் என்றால் என் மாமன்தான்.

அய்யன் என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார்.

"ஒரு வளைவு போட்டா என்னங்க மச்சான் கெட்டுப்போவுது? கல்லு பக்கமா வந்துட்டுப் போகட்டும்."

"கோடு போட்டது தொரைங்க மாப்பிள்ள. நான் கல்லு கொட்டறவன்."

"உங்க தங்கச்சி கல்லு அனாதையா நிக்குமுங்க."

மாமன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். "அவளையே நிக்க உடலீங்களே மாப்பிள்ள. கல்லு நின்னா என்ன, போனா என்ன?"

அய்யன் குனிந்து ஒரு கப்பிக்கல்லை எடுத்து எறிந்தார். மாமன் காதோரம் கிழிந்து தோளெல்லாம் ரத்தம். கல் உடைக்கிறவர்கள் சம்மட்டியோடு எழுந்தார்கள். மாமன் கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்துவிட்டு, "வெயில் ஏறுதுங்க, கொழந்தைய ஊட்டுக்குக் கூட்டிப்போங்க" என்றார். எங்கள் ஊரில் கல் எறிகிறவரும் எறி வாங்குகிறவரும் 'ங்க' போட மறப்பதில்லை.

புது ரோடு திறந்ததும் எங்கள் தடம் செத்துப்போயிற்று. முதலில் அந்தப் பக்கம் பஸ் வந்தது, பிறகு வண்டிகளும் அங்கே போயின. கால்நடையாகப் போகிறவர்கள்கூட, முள் குத்தாத ரோடு என்று அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் வந்தார்கள், பிறகு இரண்டு பேர், பிறகு யாருமே இல்லை. நான் சாணிக்கூடையையும் தண்ணீர்க் குடத்தையும் நானே கொண்டுபோய் ஏற்றி ஏற்றி இறக்கினேன். எட்டிப் பிடிக்க முடியாமல் குடம் இரண்டு தரம் உடைந்தது. அம்மா அங்கே வலியோடு கிடப்பதாகவே நினைத்து அழுவேன். கல்லின் மேல் ஓணான் படுத்திருக்கும்.

அய்யன் அழவில்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே. ஒரு நாள் காலை வெள்வேல முள்ளை வண்டி வண்டியாக வெட்டிப் புது ரோட்டின் குறுக்கே போட்டார். தடியோடு நின்றுகொண்டார். வந்த வண்டிகளை எல்லாம் பழைய தடத்துக்குத் திருப்பினார். மாட்டேன் என்ற வண்டிக்காரர் ஒருவரின் முழங்கையை உடைத்தார். பஸ் வந்தது. டிரைவர் இறங்கித் திட்டியபோது முன் கண்ணாடியைத் தடியால் அடித்து நொறுக்கினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து, பாவம், பொண்டாட்டி போன துக்கம், புத்தி கலங்கிவிட்டது என்று சமாதானம் பேசி அனுப்பினார்கள். அடிபட்ட வண்டிக்காரருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் பானைக்காரியை இழுத்து வந்தார். புது ரோட்டில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவளை, தலையில் கூடையோடு, கையைப் பிடித்து அரை மைல் இழுத்து வந்தார். "எறக்கு" என்றார். அவள் நடுங்கிக்கொண்டே கூடையைக் கல் மேல் தள்ளினாள். கூடை சரிந்து பானைகள் எல்லாம் விழுந்து உடைந்தன. அதற்கும் அவளைத்தான் அடித்தார். கன்னத்தில் அறைந்த அறையில் அவள் உடைந்த ஓட்டின் மேலேயே விழுந்தாள்.

அவர் போன பிறகு நான் சொம்பை நீட்டினேன். அவள் உள்ளங்கையிலிருந்து ஓட்டுச் சில்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "தண்ணி வேண்டாம் அம்மணி. நாங்களா எறக்குனாத்தான் அது உங்கம்மாவுக்குச் சேரும். அடிச்சுப் புடுங்கி எறக்குனா, அதுவும் அவுங்க தலைமேலதான் ஏறும்."

மூன்று நாளுக்கு முன் வண்டிகளைத் திருப்பியதெல்லாம் அம்மா தலையில் ஏறியிருக்குமே என்று ஓடிப்போய் அய்யனிடம் சொன்னேன். "அடிச்சு எறக்குனா ஆகாதாமுங்க." இடது காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. அந்தக் காது இப்போது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. டாக்டர் வயசு என்கிறார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆட்கள் கல்லுக்கு வராவிட்டால் கல்லை ஆட்களிடம் கொண்டுபோவது என்று அய்யன் முடிவு செய்தார். அம்மா நினைப்பில் நட்ட கல்லைப் பிடுங்கக் கூடாது என்று பண்ணையாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்து, அதற்கும் உதை வாங்கினான். மறுநாள் காலையில் வாசலில் வண்டி பூட்டி நின்றது. கடப்பாரை இரண்டு, வடக்கயிறு, உருட்டுக்கட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தபோது செய்தி கேட்டு மாமன் தனியாக நடந்து வந்தார். காதோரம் கல் கிழித்த தழும்பு தெரிந்தது.

"மாப்பிள்ள, கல்லத் தொட வேண்டாமுங்க."

"என்ற பொண்டாட்டி கல்லு. நான் எங்க வேணா நடுவேன்."

மாமன் என் பக்கம் திரும்பினார். நான் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அம்மணி, மாமன் இன்னொருக்கா கேக்கறேன். உங்கம்மா கெணத்துமேட்டுலதான் உழுந்தாங்களா?"

அய்யன் கையிலிருந்த கயிறு நின்றது. "கண்ணு" என்றார். இரண்டாவது தடவை.

அந்தச் சொல்தான் என்னைச் சொல்ல வைத்தது என்று நினைக்கிறேன். நான் ஆட்டுக்கல்லைத் தொட்டுக் காட்டினேன். "இதுலீங்க. அய்யன் ஒதைச்சாங்க."

அய்யன் சாட்டைக் குச்சியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்மேல் பாய்ந்தார். முதல் அடி என் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது மாமன் வண்டியிலிருந்த கடப்பாரையை எடுத்து அவர் முழங்காலில் போட்டார். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அய்யன் விழுந்தார். மாமன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கீழே கிடந்தவரின் அதே காலில் இன்னொரு தடவை ஓங்கிப் போட்டார். முதல் அடி எனக்காக விழுந்தது. இரண்டாவது அம்மாவுக்காக என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது மாமன் தனக்காகவே அடித்தது என்று தோன்றுகிறது. மாடுகள் மிரண்டு வண்டியைக் குடை சாய்த்தன.

அய்யனின் கால் இரண்டு இடத்தில் எலும்பு தெரியப் பிளந்திருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உயிர் தங்கும், அதற்குப் புது ரோட்டுக்குப் போய்ப் பஸ்ஸை நிறுத்தியாக வேண்டும். கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தோள் கொடுத்தார்கள். முன்னால் ஒரு பக்கம் மாமன், மறு பக்கம் பண்ணையாள், பின்னால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர். நான் சொம்போடு கூடவே ஓடினேன். வழியெல்லாம் ரத்தம் கயிறு வழியாகச் சொட்டிப் புழுதியில் உருண்டது.

அய்யன் கனத்த ஆள். புளியமரத்து வளைவுக்கு வரும்போது தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. கல் எதிரில் நின்றது, சரியாக அவர்கள் தோள் உயரத்துக்கு. கட்டிலை அப்படியே நகர்த்தி வைத்தால் போதும். அவர்கள் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

அய்யன் கண்ணைத் திறந்து கல்லைப் பார்த்தார். "இங்க எறக்குங்க" என்றார். "கொஞ்ச நேரம் எறக்கி வைங்க. அவ கல்லுதானே."

மாமன் முகம் என் பக்கம் திரும்பியது. நான் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். நட்ட கல்லில் காலை ஊன்றித் தொற்றி ஏறிப் பலகைக் கல்லின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அந்தக் கல் மேல் யாரும் ஏறக் கூடாது. நான் அதுவரை ஏறியதும் இல்லை. வெயிலில் கல் கொதித்தது.

"இங்க எறக்கக் கூடாதுங்க. போங்க."

நாலு பேரும் நின்றார்கள். பண்ணையாள்தான் முதலில் பேசினான். "அம்மணி சொல்றது செரிதானுங்க. உசுரோட இருக்கறவங்கள இந்தக் கல்லுல எறக்குனா ஆகாதுங்க. செத்தவங்க கூட்டிக்குவாங்க." மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்பன் உயிர் மேல் குழந்தைக்கு எவ்வளவு அக்கறை என்று பிற்பாடு ஊரில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். நின்றபடியே தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். கட்டில் என்னைக் கடந்தபோது அய்யன் முகம் என் முகத்துக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் ஏன் அங்கே படுத்தேன் என்று அவருக்கு மட்டும் தெரிந்தது. நான் கண்ணை மூடவில்லை.

புது ரோட்டுக்குப் போய்க் கப்பிக்கல் மேல்தான் கட்டிலை இறக்கினார்கள். அவர் கண்ணாடியை உடைத்த அதே டிரைவர்தான் வந்தார். அவரே ஏற்றிக்கொண்டு போனார். அந்த அவசரத்தில் பச்சைச் சும்மாடு எங்கேயோ விழுந்துவிட்டது. எத்தனை தேடியும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டாராம். மாமன் கட்டிலோரம் நின்று, ஜெயிலுக்குப் போகத் தயாராகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டாராம். அய்யன் சுவரைப் பார்த்தபடி, "கெணத்துமேட்டுல வழுக்கி உழுந்துட்டனுங்க" என்றாராம். மாமன் திரும்பி வந்து இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அய்யன் அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரு காலை இழுத்துக்கொண்டு வாழ்ந்தார். என்னை அடிக்கவில்லை, கண்ணு என்று கூப்பிடவும் இல்லை. கல்லை யாரும் நகர்த்தவில்லை. அந்த வளைவு வழியாக அவர் போனதே இல்லை. அவரை அன்று அங்கே இறக்கவிட்டிருக்கலாமோ என்று சில நாள் நினைப்பேன். வலியில் துடித்த மனிதர்தானே என்று மனம் இளகும். பிறகு மோர் ஓடிய வாசல் ஞாபகம் வரும். இந்த வயதிலும் எனக்கு இரண்டும் மாறி மாறித்தான் வருகிறது.

சொன்னபடி நெடுஞ்சாலைக்காரர் மறுநாள் வந்தார். என் மகன் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். மண் ஏறி ஏறிக் கல் இப்போது இடுப்பு உயரம்தான் இருக்கிறது. அவர் நோட்டைத் திறந்து, "எப்படிங்க இறந்தாங்க?" என்றார்.

என் மகன் முந்திக்கொண்டான். "கெணத்துமேட்டுல வழுக்கி உழுந்துட்டாங்களாமுங்க."

அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. ஊரில் அந்தப் பொய் என்னைவிடத் திடமாக உயிரோடு இருந்திருக்கிறது.

"இல்லீங்க" என்றேன். "எங்கய்யன் ஒதைச்சு இறந்தாங்க. ஆறு மாசம் முழுகாம இருந்தாங்க. அப்படியே எழுதிக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கிறவரை நான் கல்லின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன்.